கட்டியை மட்டும் எடுத்த பிறகு, மார்பகத்தையே எடுக்கச் சொன்னால்...

“அன்னைக்கே முழுசா எடுத்திருந்தா இன்னைக்கு இந்த நிலைமை வந்திருக்காதுல்ல?”

நமது மருத்துவ உதவிப் பிரிவுக்கு வரும் சகோதரிகளில் சிலர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி இது. சிலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. உடன் வந்த மாமியாரோ நாத்தனாரோ அவர்களுக்காகக் கேட்டுவிடுகிறார்கள். மார்பகத்தில் கட்டி வந்து, மார்பகத்தை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சும் வைத்து, நன்றாக இருந்தவர்கள் இவர்கள். இப்போது மார்பகத்தை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பார்.

இந்த மாதப் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். அதற்குக் காரணம் ஒரு சகோதரி. வயது 47. பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுப்பவர். ஏழு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பகத்தில் வந்த கட்டியை எடுத்துக்கொண்டவர். அப்போது அவருடைய அத்தாவும் அண்ணனும், “எதுக்கு ரிஸ்க்கு, முழுசா எடுத்துரு” என்றார்கள். அவர்தான் டாக்டரிடம், “எடுக்காம இருக்க முடியுமா?” என்று கேட்டார். “உங்களுக்கு முடியும்” என்று டாக்டர் சொன்னார். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களில், குளிக்கும்போது பழைய தழும்பின் ஓரத்தில் பட்டாணி அளவில் கெட்டியாக ஒன்று கையில் தட்டுப்பட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து மாதங்கள். எங்களிடம் வந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “என் பிடிவாதத்துக்குக் கிடைச்ச தண்டனைன்னு நெனச்சேன். அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு இருந்துட்டேன்” என்றார்.

நோய் பறித்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஐந்து மாதங்களைப் பறித்தது நோயல்ல, இந்தக் கேள்விதான். ஆகவே அதற்கு முதலில் விடை காண்போம்.

முதல் முடிவு தவறா?

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு முறையை நிலைநாட்டினார். மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளிலுள்ள நெறிகள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துவிடுவது அந்த முறை. எவ்வளவு அதிகமாக எடுக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பினார்கள். பெண்கள் தோளைத் தூக்க முடியாமல், கை வீங்கி, ஒரு பக்கம் குழி விழுந்த நெஞ்சோடு வாழ்ந்தார்கள். பல தலைமுறைகள் இப்படியே கழிந்தன.

1970-களில்தான் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசி 1973-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976-ல் இன்னொன்றைத் தொடங்கினார். மிலான் ஆய்வில் சிறிய கட்டியுள்ள 701 பெண்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஹால்ஸ்டெட் முறையில் எல்லாம் எடுக்கப்பட்டது. மீதிப் பேருக்குக் கட்டி இருந்த பகுதி மட்டும் எடுக்கப்பட்டு, கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது. இவர்களை 20 ஆண்டுகள் விடாமல் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். மார்பகத்தைக் காத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேருக்கு அதே மார்பகத்தில் மீண்டும் கட்டி வந்திருந்தது. எல்லாம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 2 பேருக்குச் சற்று மேல், எடுத்த இடத்திலேயே வந்திருந்தது. ஆனால் உயிரிழந்தவர்களின் எண்ணிக்கையில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஃபிஷரின் ஆய்வும் அதே ஆண்டில் இதையே சொன்னது. கூடவே இன்னொன்றையும் காட்டியது: கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கும், வைத்துக்கொள்ளாதவர்களில் 39 பேருக்கும் அதே மார்பகத்தில் நோய் திரும்பியிருந்தது.

இதை நம் சகோதரியின் கேள்வியோடு பொருத்திப் பாருங்கள். அன்றே முழுவதும் எடுத்திருந்தால் அந்த இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு குறைந்திருக்கும், இல்லாமல் போயிருக்காது. மார்பகம் இல்லாத இடத்திலும், தோலிலும் தழும்பிலும்கூட, நோய் திரும்பிய பெண்கள் உண்டு. ஆயுளைப் பொறுத்தவரை இரண்டு வழியும் ஒன்றுதான் என்பது 20 ஆண்டுகள் பார்த்துச் சொன்ன முடிவு. அவருக்குத் தெரிந்திருந்த செய்தியை வைத்து அவர் எடுத்தது சரியான முடிவு. இன்று நோய் திரும்பிவிட்டதால் அது தவறாகிவிடாது.

இதில் எங்கள் பங்கையும் சொல்லிவிட வேண்டும். தொடக்க காலத்தில் எங்கள் தொண்டர்களே, “எடுத்துட்டா நிம்மதி” என்று ஆறுதலாகச் சொல்வதுண்டு. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் எடுக்காதவர் மனதில் அது எப்படிப் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

எப்போது எடுக்கச் சொல்கிறார்கள்?

நோய் திரும்புவது ஒரு காரணம்தான். அது நடக்காமலே, முதல் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களிலேயே இந்தப் பேச்சு வரலாம்.

எடுத்த சதையை ஆய்வுக்கூடத்தில் சுற்றிலும் மையால் பூசுவார்கள். பிறகு மெல்லிய துண்டுகளாக வெட்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். மை பூசிய ஓரத்தில் புற்று அணுக்கள் தொட்டுக்கொண்டிருந்தால், உடலுக்குள்ளும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம் என்று பொருள். பரவும் வகைக் கட்டியாக இருந்தால் ஓரத்து மையில் அணுக்கள் படாமல் இருப்பதே போதும். பால் குழாய்களுக்குள் மட்டும் இருக்கும் தொடக்க நிலை நோயாக இருந்தால் 2 மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும் என்று பார்க்கிறார்கள். ஓரம் சுத்தமாக இல்லையென்றால் பெரும்பாலும் இன்னொரு முறை கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் சரியாகிவிடும். நாங்கள் உடன் சென்ற 38 வயதுச் சகோதரி ஒருவருக்கு இரண்டு முறை எடுத்தும் ஓரம் சுத்தமாகவில்லை. நோய் குழாய் வழியாக வேர்போல் ஓடியிருந்தது. இன்னும் எடுத்தால் மார்பகத்தின் வடிவமே மிஞ்சாது என்ற நிலையில்தான் முழுவதும் எடுக்கச் சொன்னார்கள்.

கதிர்வீச்சு வைக்க முடியாத நிலை இன்னொரு காரணம். கர்ப்பமாக இருப்பவர், முன்பே வேறு நோய்க்காக நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கியவர், தோலும் இணைப்புத் திசுவும் இறுகிப்போகும் சில நோய்கள் உள்ளவர் ஆகியோருக்கு இது பொருந்தும். இரத்தப் பரிசோதனையில் பிஆர்சிஏ போன்ற மரபணுக் கோளாறு தெரிய வந்தாலும் பேச்சு மாறும். இந்தக் கோளாறு தாய் வழியில் மட்டுமல்ல, தந்தை வழியிலும் வரும். ஆகவே டாக்டர் குடும்ப வரலாறு கேட்கும்போது அத்தாவின் சகோதரிகளையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நோய் திரும்புவதிலும் இரண்டு வகை உண்டு. சில ஆண்டுகளுக்குள் பழைய இடத்தின் அருகிலேயே வந்தால் பழைய நோயின் மிச்சமாக இருக்கலாம். பல ஆண்டுகள் கழித்து வேறு மூலையில் வந்தால் அது புதிய நோயாகவே இருக்கக்கூடும். கதிர்வீச்சு வாங்கிய தோலில் பல ஆண்டுகள் கழித்து அடிபட்டதுபோல் ஊதாவோ சிவப்போ ஆன திட்டு தோன்றி, ஆறாமல் பரவினால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். மிக அரிதாக வரும் வேறொரு புற்றின் அடையாளமாக அது இருக்கலாம்.

மறுபடியும் கட்டியை மட்டும் எடுத்தால் என்ன?

இதை எல்லாச் சகோதரிகளும் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். இதற்கான பதில் கதிர்வீச்சில் இருக்கிறது. நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்கிறோமே, அதில் மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை. எக்ஸ்ரே போன்ற, ஆனால் மிக வலுவான கதிர்கள் அவை. கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருக்கும் புற்று அணுக்களை அவை அழிக்கின்றன. நல்ல திசு அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கிய அளவு அதன் கணக்கில் நிற்கும். தோல், விலா எலும்பு, நுரையீரல், இடது பக்கமானால் இதயம் ஆகியவை அதே அளவை இன்னொரு முறை எளிதாகத் தாங்கா. கதிர்வீச்சு இல்லாமல் கட்டியை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன 39 காட்டுகிறது. ஆகவேதான் இரண்டாம் முறை மார்பகத்தை எடுப்பது வழக்கமான வழியாக இருக்கிறது. டாக்டர் முதல் முறை ஒன்று சொல்லி இரண்டாம் முறை மாற்றிப் பேசுவதாகத் தோன்றும். உண்மையில் மாறியது அவர் பேச்சல்ல. கையிலிருந்த ஒரு மருந்தை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

கதவு முற்றிலும் மூடிவிடவும் இல்லை. மார்பகத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் மறுபடியும் கதிர்வீச்சு கொடுக்கும் முறையை அமெரிக்காவில் 58 பெண்களிடம் சோதித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். கட்டி 3 சென்டிமீட்டருக்குள் ஒன்று மட்டும் இருக்க வேண்டும், முதல் கதிர்வீச்சு முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 5 பேர் அளவில்தான் மீண்டும் அதே மார்பகத்தில் நோய் வந்தது. நல்ல செய்திதான். ஆனால் 58 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. எல்லா மையங்களிலும் இதைச் செய்வதில்லை. உங்கள் கட்டி சிறியது, பல ஆண்டுகள் கழித்து வந்தது என்றால், “எனக்கு இது பொருந்துமா?” என்று கேளுங்கள். பொருந்தாது என்றால் காரணத்தையும் கேளுங்கள். காரணம் தெரிந்துவிட்டால் அறுவை சிகிச்சைக்குப் போகும்போது மனம் வேறு மாதிரி இருக்கும்.

முடிவுக்கு முன் தெரிய வேண்டியவை

ஸ்கேனில் சந்தேகம் என்று வந்ததும் சிலர் வீட்டுக்கு வந்து துணிமணிகளை மடித்து வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் ஆன மார்பகத்தில் கொழுப்பு இறுகிக் கட்டிபோல் ஆவது உண்டு. கைக்கும் மேமோகிராமுக்கும் அது புற்றுபோலவே தெரியும். ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி ஒன்றுதான் இதைத் தீர்த்துச் சொல்லும். பயாப்ஸி முடிவு இல்லாமல் மார்பகத்தை எடுக்கும் தேதி குறிக்கப்பட்டால், நிறுத்திக் கேட்பது உங்கள் உரிமை. ஊசி போட்டால் நோய் பரவிவிடும் என்ற பேச்சு இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. அந்த அச்சத்துக்காகப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

புற்றுதான் என்று உறுதியானால், ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் உண்டா என்று மீண்டும் பார்க்க வேண்டும். ஏழு ஆண்டுகளுக்கு முன் பார்த்த முடிவே இப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அது மாறியிருந்தால் மருந்தும் மாறும். நோய் எலும்பு, நுரையீரல், கல்லீரல் போன்ற இடங்களுக்குப் போயிருக்கிறதா என்று சிடி ஸ்கேனோ பெட் ஸ்கேனோ எடுப்பார்கள். போயிருந்தால் சிகிச்சையின் வரிசையே வேறு. அப்போது மார்பகத்தை எடுப்பது முதல் வேலையாக இருக்காது.

மார்பகத்தை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். 162 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், மார்பகத்திலோ அதை ஒட்டிய இடத்திலோ மட்டும் திரும்பிய நோயை அறுவை செய்து எடுத்த பிறகு கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். ஹார்மோன் ஏற்பி இல்லாத வகையினருக்குத் தெளிவான பலன் இருந்தது. ஏற்பி உள்ளவர்களிடம் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. ஏற்பி உள்ளவர்களுக்கு மாத்திரை தொடரும், அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். ஆகவே, “எடுத்த பிறகு கீமோ உண்டா, எத்தனை மாதம்?” என்பதை இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. வேலை, பிள்ளைகளின் பரீட்சை, கடன் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் திட்டமிட வேண்டியிருக்கிறது.

சிலர் பயத்தில், “ரெண்டையும் எடுத்துருங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். மரபணுக் கோளாறு இல்லாதவருக்கு, நோயில்லாத மறுபக்க மார்பகத்தை எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை. மரபணுக் கோளாறு உள்ளவருக்கு அது தனிப் பேச்சு.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா? இருக்கிறது. இது நெஞ்சுவலிபோல் இன்றிரவே செய்தாக வேண்டியதல்ல. பரிசோதனைகளுக்கும் இன்னொரு டாக்டரின் கருத்துக்கும் ஓரிரு வாரங்கள் எடுத்துக்கொள்வதால் கெடுதல் இல்லை. மாதங்கள்தான் கூடாது.

யாருடைய முடிவு?

தையல் சகோதரியோடு டாக்டரைப் பார்க்கப் போன அன்று கணவரும் வந்திருந்தார். டாக்டர் எல்லாம் விளக்கிவிட்டு இருவரையும் பார்த்தார். கணவர், “அவ இஷ்டம் டாக்டர்” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். சகோதரியின் முகம் சுருங்கிப் போனது. ஆட்டோவில் திரும்பும்போது எங்களிடம், “பாத்தீங்கல்ல, கை கழுவிட்டாரு” என்றார். மறுநாள் எங்கள் தொண்டர் ஒருவர் கணவரைத் தனியாகச் சந்தித்துப் பேசினார். அவர் சொன்னது இதுதான்: “போன தடவை ஆளாளுக்கு எடு எடுன்னு அவள அழ வெச்சாங்க. இந்தத் தடவ நானும் ஒண்ணு சொல்லி அவ மேல ஏத்த வேணாம்னுதான் பாய் வெளிய வந்தேன்.” இதை அவர் தன் மனைவியிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அன்றிரவுதான் சொன்னார்.

குடும்பத்தோடு மஷூரா செய்வது நம்மிடம் உள்ள நல்ல வழக்கம். ஆனால் ஆலோசனை சொல்பவர் பத்துப் பேர், கேட்பவர் ஒருவர் என்று ஆகிவிட்டால் அது ஆலோசனையாக இருக்காது. மருத்துவமனைக்கு இரண்டு பேர் மட்டும் உடன் வாருங்கள். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பு, பயாப்ஸி முடிவு, கதிர்வீச்சு எத்தனை நாள், எந்த அளவு என்ற தாள் ஆகியவற்றைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். கடைசித் தாளைத்தான் பெரும்பாலானோர் தொலைத்துவிடுகிறார்கள். முதலில் சிகிச்சை பெற்ற மையத்தில் கேட்டால் நகல் பெற முயலலாம்.

கையெழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. வயது வந்த, சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் அறுவை சிகிச்சைக்கு அவருடைய சம்மதம்தான் வேண்டும். மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் தாயிடம் சம்மதம் வாங்கிக் கூடுதல் அறுவை செய்த வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சம்மதம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே விலக்கு. ஆகவே மருத்துவமனை கணவரிடமும் கையெழுத்து கேட்டால் போடட்டும், ஆனால் படிவத்தில் என்னென்ன எடுக்கப் போகிறார்கள் என்று எழுதியிருப்பதைச் சகோதரியே படித்தோ, படித்துக் காட்டச் சொல்லியோ போடவேண்டும். அக்குள் நெறிகளும் அதில் உண்டா என்று பாருங்கள்.

மார்க்கம் சார்ந்து வரும் கேள்விகள்

பெண் டாக்டர் கிடைத்தால் அவரிடம் போவதே சிறப்பு. கிடைக்கவில்லை என்றால் தேவையின் அளவுக்கு ஆண் டாக்டரிடம் காட்டுவதற்கு அனுமதி உண்டு. உடன் ஒரு பெண் இருக்கட்டும். பெண் டாக்டருக்காக மாதக்கணக்கில் காத்திருந்து நோயை முற்ற விடுவதை எந்த ஆலிமும் எங்களுக்குச் சரியென்று சொன்னதில்லை. இஸ்திகாரா தொழுங்கள்; அதோடு டாக்டரிடம் கேட்க வேண்டியதையும் கேளுங்கள். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றல்ல.

அறுவை சிகிச்சைக்குப் பின் டியூப் வைத்திருக்கும்போது உளூ நிற்குமா என்று பலர் கேட்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இப்படி வெளியேறும் இரத்தத்தால் உளூ முறிவதில்லை. ஹனஃபி மத்ஹபில் வழியும் இரத்தத்தால் முறியும். ஆனால் நிற்காமல் வந்துகொண்டே இருப்பவருக்கு, ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஓர் உளூ என்ற சலுகை இருக்கிறது. உங்கள் நிலைக்கு உரியதை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குனிய முடியாத நாட்களில் உட்கார்ந்து தொழுதால் போதும்.

எடுத்த மார்பகத்தை மீண்டும் உருவாக்கிக்கொள்வது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்பது மெதுவான குரலில் வரும் கேள்வி. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா என்ற நபித்தோழருக்குத் தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. நோயால் இழந்ததைச் சரிசெய்வதையும் அழகுக்காக மாற்றிக்கொள்வதையும் ஆலிம்கள் வேறுபடுத்தியே பேசுகிறார்கள்.

மருத்துவத்தில் கவனிக்க வேண்டியது வேறு. கதிர்வீச்சு வாங்கிய தோல் இறுகியிருக்கும், ஆற நாளாகும். அதற்கு அடியில் சிலிக்கான் பை வைத்தால் தொற்றும் இறுக்கமும் வர வாய்ப்பு அதிகம். ஆகவே முதுகிலிருந்தோ அடிவயிற்றிலிருந்தோ சதையை எடுத்து அமைக்கும் முறையைப் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். இது நீண்ட அறுவை. இன்னொரு இடத்திலும் தழும்பு வரும். அந்த 38 வயதுச் சகோதரி இதை அதே நேரத்திலேயே செய்துகொண்டார். தையல் சகோதரி வேண்டாம் என்றார். “நானே தச்சுக்கிறேன்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

செலவும் அதன் பிறகும்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வருமானச் சான்றிதழும் ரேஷன் அட்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் அட்டை எடுக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்கியாக வேண்டும். முடிந்த பிறகு பில்லோடு வருபவர்களுக்கு நாங்களும் அதிகம் செய்ய முடிவதில்லை. பயணம், தங்குமிடம், உடன் இருப்பவரின் சாப்பாடு ஆகியவை திட்டத்தில் வராமல் போனால் நமது மருத்துவ உதவிப் பிரிவில் சொல்லுங்கள்.

மார்பகத்தை எடுக்கும் அறுவையில் இப்போதெல்லாம் மார்புத் தசையை வெட்டுவது அரிது. அதனால் எதிர்பார்த்த அளவு வலி இருக்காது என்று பலர் சொல்கிறார்கள். நெஞ்சிலும் மேற்கையின் உட்புறத்திலும் மரத்துப் போயிருக்கும். அதில் ஒரு பகுதி நிரந்தரமாகவே இருந்துவிடலாம். இல்லாத மார்பகத்தில் அரிப்போ வலியோ தோன்றுவதும் உண்டு. அது மனக்கோளாறு அல்ல. வீட்டுக்கு அனுப்பும்போது பெரும்பாலும் டியூபோடுதான் அனுப்புவார்கள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு நீர் வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுத்துவிடுவார்கள். முன்பு கதிர்வீச்சு வாங்கிய இடமென்றால் தையல் ஆறுவதும் தாமதமாகலாம். காய்ச்சல், சிவந்து சூடாவது, நாற்றமுள்ள நீர் என்றால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கையை அசைக்காமல் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தோள் இறுகிப்போக அதுவே காரணமாகிவிடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை முதல் நாட்களிலிருந்தே மெதுவாகச் செய்ய வேண்டும். ஒரு சகோதரி தக்பீருக்குக் கை உயர்ந்த அளவை வைத்தே தன் முன்னேற்றத்தைக் கணக்கிட்டார். முதல் வாரம் நெஞ்சு வரை, மூன்றாம் வாரம் தோள் வரை, இரண்டு மாதத்தில் காது வரை.

தையல் சகோதரிக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. ஓரம் சுத்தமாக இருந்தது. ஹார்மோன் ஏற்பி இருந்ததால் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். அண்ணன் ஒரு நாள் பழம் வாங்கிக்கொண்டு வந்து அரைமணி நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். போகும்போது, “அன்னைக்கு நான் சொன்னத மனசுல வெச்சுக்காத” என்றாராம்.

அவர் இப்போது எங்களுக்குத் துணிப்பை தைத்துத் தருகிறார். தோளில் மாட்டிக்கொண்டால் டியூபின் பாட்டில் அதற்குள் நிற்கும், புர்காவுக்குள் வெளியே தெரியாது. முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டும், அக்குளில் வைத்துக்கொள்ளச் சிறு தலையணை ஒன்றும், உள்ளாடைக்குள் வைக்கப் பஞ்சு அடைத்த பருத்தித் துணி மார்பகம் ஒன்றும் அதனுடன் தருகிறார். அளவு சொன்னால் போதும். அறுவை தேதி குறித்ததும் நமது மருத்துவ உதவிப் பிரிவில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். திருப்பித் தர வேண்டியதில்லை.